வீசையும் கிராமும்: யாங்கூன் சமையலறையில் ஒரு மின்னணுத் தராசு

கடந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், நம் பெரியவர்கள் இன்றும் சூரத்தி பஜார் என்றே சொல்லும் தேஞ்சி ஸே சந்தையின் பாத்திரக்கடை ஒன்றில், சமையலறைக்கென்று ஒரு மின்னணுத் தராசு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் சீன எழுத்துகளும் ஒரு கேக்கின் படமும் இருந்தனவே தவிர, செய்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆகவே இந்த மதிப்புரையை ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றியது என்று கொள்ளாமல், இவ்வகைத் தராசை வாங்க நினைப்பவருக்கு எட்டு மாத அனுபவம் உள்ள ஒருத்தி சொல்லும் குறிப்பாகக் கொள்ளலாம். 5 கிலோ வரை நிறுக்கும். 1 கிராம் வரை பிரித்துக் காட்டும். இரண்டு பேட்டரிகளில் ஓடும். விலை, அன்றைக்கு ஒரு வீசை, அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலான, கடலை எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தை ஒட்டியே இருந்தது. அந்த ஒப்பீடு எவ்வளவு பொருத்தமானது என்பது பின்னர்தான் புரிந்தது.

வாங்கிய காரணம் எடை. ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு நான் 71 கிலோ இருந்தேன். உயரத்துக்கும் எடைக்குமான உடல்நிறைக் குறியீடு ஆசிய மக்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் வெளியிட்ட அளவின்படி, என்னுடையது 28-ஐத் தாண்டியிருந்தது. உறவினர் பலரும் எண்ணெயில்லாமல் பொரிக்கும் காற்றுப் பொரிப்பானை வாங்கச் சொன்னார்கள். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று முறை வைத்துக் காத்திருக்கும் ஊரில் அது அலமாரிக்கு அழகு சேர்க்குமே ஒழிய அடுப்புக்கு உதவாது என்று தோன்றியது. தராசுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சமையலறையா, நகைக்கடையா?" என்று கேட்டார்.

முதல் சிக்கல் அளவு முறையில் வந்தது. இந்தத் தராசில் கிராம், மில்லிலிட்டர், அவுன்ஸ், பவுண்டு ஆகியவை உண்டு, வீசை இல்லை. நாம் வாங்கும் எண்ணெயும் வெங்காயமும் இறைச்சியும் வீசையிலும், வீசையின் நூற்றில் ஒரு பங்கான கியாத்தாவிலும்தான் வருகின்றன. மியான்மர் நாட்டு வீசை 1.63 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கியாத்தா ஏறத்தாழ 16.3 கிராம். சொல் நம்முடையதே என்றாலும் எடை வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய சென்னை மாகாணத்து வீசை 40 பலம், அதாவது 1.4 கிலோ மட்டுமே. மாமியார் தம் அம்மாவிடமிருந்து கேட்டுவைத்திருக்கும் ஊறுகாய்க் கணக்குகள் அந்தப் பழைய வீசையைச் சேர்ந்தவை என்பதும், மாங்காய் இங்குள்ள பெரிய வீசையிலும் உப்பு பழைய அளவிலுமாகச் சேர்ந்து, பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஊறுகாய் உப்புக் குறைந்து பூசணம் பூத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதும் தராசு வந்த பின்தான் விளங்கியது. ஒரு கியாத்தாவிலிருந்து ஐம்பது வரை கிராமில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதற்கு மேல் இந்தக் குறை என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

மில்லிலிட்டர் அளவை மட்டும் நம்ப வேண்டாம். அது எதை ஊற்றினாலும் தண்ணீர் என்று எண்ணியே கணக்கிடுகிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால், 100 கிராம் எண்ணெய் உண்மையில் 109 மில்லி அளவுக்கு வரும். கிராமிலேயே நின்றுவிடுவது நல்லது.

இனி எண்ணெய். இந்தத் தராசு எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கால் பங்கு இதுதான். எண்ணெய்ப் புட்டியைத் தட்டில் வைத்து, எடையைச் சுழியாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல் சட்டியில் ஊற்றிப் புட்டியை மீண்டும் தட்டில் வைத்தால், எவ்வளவு குறைந்ததோ அது கழித்தல் குறியுடன் தெரியும். கரண்டி, கிண்ணம் எதுவும் அழுக்காகாது. முதல் நாள் நால்வருக்குக் கோழிக்கறி வைத்தபோது கைப்பழக்கத்தில் ஊற்றியது 118 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால், கறியில் ஒரு துண்டு கோழி விழுவதற்கு முன்பே ஆயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்நாட்டவர் கறியை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வதக்குவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கும் அந்த மினுமினுப்பு இல்லாவிட்டால் கறி வேகாததுபோல் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் மாதம் மூன்று வீசை எண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் என்று அந்தக் கணக்கை அதுவரை ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை.

எண்ணெயை ஒரேயடியாக நிறுத்துவது நடக்காத காரியம். ஒரு வாரம் முயன்று பார்த்தேன், கணவர் தட்டைத் தள்ளி வைக்கத் தொடங்கினார். பின்னர் கண்டுகொண்ட வழி வேறு. வெங்காய விழுதை 50 கிராம் எண்ணெயில் தொடங்கி, அடி பிடிக்கும்போதெல்லாம் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி போட்டு வதக்கினால், நேரம் சற்றுக் கூடினாலும் நிறமும் மணமும் குறைவதில்லை. கறி இறக்கிய பின் பத்து நிமிடம் ஆறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து நிறுத்துப் பார்த்தால் 15 முதல் 20 கிராம் வரை கிடைக்கிறது. மசாலா ஏறிய அந்த எண்ணெயே மறுநாள் புடலங்காய்க்குத் தாளிக்கப் போதும். சாம்பாருக்குத் தாளிக்கக் குழிவான சிறு கரண்டியில் 5 கிராம் போதுமானது. அகலமான வாணலியில் ஊற்றினால்தான் கடுகு நனைய 15 கிராம் தேவைப்படுகிறது. தோசைக்கு ஒன்றுக்கு 3 கிராம். இப்போது மாதம் ஒன்றரை வீசையில் நிற்கிறோம். தராசின் விலையை எண்ணெயே முதல் மாதத்தில் திருப்பித் தந்துவிட்டது.

சோற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசியை நிறுப்பதா, சோற்றை நிறுப்பதா என்று குழம்பாமல் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 360 கலோரி உண்டு. அதே 100 கிராம் சோறாக இருந்தால் 130. வடித்தது, குக்கரில் வைத்தது, பவ்சன் அரிசி, பழைய அரிசி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தண்ணீர் குடிப்பதால், நான் அரிசியை நிறுத்து, வெந்த சோற்றை மறுபடி நிறுத்து, என் பங்கை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்குப் பின் கண்ணே அளவு சொல்லத் தொடங்கிவிட்டது. சோற்றுக்கு இப்போது தராசைத் தொடுவதில்லை.

கடினமானது மாலை நான்கு மணி. பட்டினியால் அல்ல, பழக்கத்தால் வரும் ஆசை அது. தெருமுனையில் சுரைக்காய் பஜ்ஜி பொரிக்கும் வாசனை மாடிவரை ஏறிவரும் நேரம். முதல் பதினைந்து நாள் பொரித்தது எதையும் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தேன். பதினாறாம் நாள் அந்தக் கடையில் நின்றபடியே எத்தனை தின்றேன் என்று எனக்கே தெரியாது. விலக்கி வைத்தால் ஆசை வளர்கிறது என்பது என் அளவில் தெளிவாகிவிட்டதால், அதன்பின் அளந்து கொடுப்பது என்று முறையை மாற்றினேன். மொய்ங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸில் நொறுக்கிப் போடும், பருப்பில் பொரித்த மொறுமொறுப்பான பேஜோவை 30 கிராம் நிறுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து தின்பேன். ஏறக்குறைய 150 கலோரி. எண் கண்முன் நிற்பதால் கை மெதுவாகப் போகிறது. டப்பாவை மடியில் வைத்துத் தின்ற காலத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று ஒருநாள் வேண்டுமென்றே நிறுத்துப் பார்த்தேன். 110 கிராம்.

காலையில் தெருவில் கூவி விற்கும் அவித்த முளைப்பட்டாணி இந்த ஆசைக்கு நல்ல தடுப்பு. வெந்த பட்டாணியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 8 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நெடுநேரம் நிறைந்திருக்கிறது. வெங்காயம், எலுமிச்சை, பச்சை மிளகாய் சேர்த்துத் தின்றால் நான்கு மணி வாசனை முன்புபோல் இழுப்பதில்லை. இன்னொன்று ஷான் தொஹூ. கடலை மாவு 100 கிராம், தண்ணீர் 450 கிராம், மஞ்சள், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, கைவிடாமல் கிளறிக் கெட்டியானதும் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் துண்டு போடலாம். தராசு இல்லாத நாளில் இது எனக்கு ஒருமுறை கூழாகவும் ஒருமுறை செங்கல்லாகவும் வந்தது. இப்போது தவறுவதில்லை. பொரிக்காமல், புளித் தண்ணீரும் வறுத்த கடலை மாவும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறோம்.

தேநீரையும் நிறுத்துப் பார்க்காமல் விடவில்லை. வீட்டில் போடும் ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி டின் பால் என்பது 40 கிராம். அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 18 கிராம். நாளுக்கு இரண்டு கோப்பை என்றால், 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தேநீரிலேயே தாண்டிவிடுகிறது. ஒரு கோப்பையாக, 20 கிராம் பாலோடு நிறுத்தியிருக்கிறேன். மின்சாரம் நள்ளிரவில் வந்து, எழுந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய மறுநாள்களில் மட்டும் இரண்டாவது கோப்பை தவிர்க்க முடியாததாகிறது. தூக்கம் கெட்டால் இனிப்பின் மேல் ஆசை கூடும் என்பதைத் தராசு தீர்க்காது.

குறைகளும் உண்டு, சில எரிச்சலூட்டுபவை. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அணைந்தால், சுழியாக்கி வைத்த கணக்கெல்லாம் போய்விடும். மெல்ல மெல்லக் கொட்டும் சிறு எடையை அது கவனிப்பதில்லை. உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், தன் ஊசலாட்டம் என்று நினைத்துச் சுழியிலேயே நிற்கும். கிண்ணத்தை ஒருமுறை எடுத்து வைத்தால்தான் உண்மையைச் சொல்லும். அதனால் உப்புக்கும் பெருங்காயத்துக்கும் இது உதவாது. அளவு முறையை மாற்றும் பொத்தான் சுழிப் பொத்தானை ஒட்டியே இருப்பதால், ஈரக் கையால் அழுத்தி அவுன்சுக்குப் போய்விட்டு, 4 என்று காட்டுகிறதே என்று மகள் திகைத்ததும் உண்டு. அகலமான சட்டியை வைத்தால் எண் தெரியும் கண்ணாடி மறைந்துபோகும்.

தட்டின் அடியில் இருப்பது ஒரு சிறு உலோகத் துண்டு. எடை விழும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை மாறுவதைத்தான் தராசு எண்ணாக்கிக் காட்டுகிறது. ஆகவே அதன்மேல் பாத்திரங்களை அடுக்கி வைக்கக் கூடாது. வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டால் எடை பொய்யாகும். ஆடி, ஆவணி ஈரத்தில் எங்களுடையது ஒரு வாரம் எண்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. அரிசி டப்பாவுக்குள் இரண்டு நாள் வைத்து எடுத்த பின் சரியாயிற்று. பேட்டரி வலுவிழக்கும்போதும் எடை தப்பும். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றிச் சோதித்துக்கொள்ளலாம். பத்து முறை ஊற்றினால் 100 கிராம் வர வேண்டும். எனக்கு 99 வந்தது, அது போதும்.

எட்டு மாதத்தில் ஐந்தரை கிலோ குறைந்திருக்கிறது. வேகம் என்று சொல்ல மாட்டேன்; இடையில் கோவிலில் தீமிதித் திருவிழாவும் இரண்டு கல்யாணங்களும் வந்தன, பந்தியில் தராசோடு உட்கார முடியாது. எண்களைப் பார்த்தால் சாப்பாட்டின் மேலேயே பயம் வந்துவிடும் இயல்புள்ளவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் கண்ணாடித் தட்டு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுத் தட்டுள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது.

மாமியாரின் எண்ணமும் மாறிவிட்டது, ஆனால் என் காரணத்துக்காக அல்ல. சென்ற மாதம் ஒரு வீசை என்று வாங்கிவந்த வெங்காயத்தைப் பையோடு தூக்கித் தட்டில் வைத்தார். 1633 வர வேண்டிய இடத்தில் 1520 வந்தது. சுவரில் இருந்த தாளைப் பார்த்து ஏழு கியாத்தா குறைவு என்று அவரே கணக்குப் போட்டார். அன்றிலிருந்து புளி, பூண்டு, கருவாடு எது வந்தாலும் முதலில் தராசுக்குத்தான் போகிறது. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.