சீரியல் டப்பாக்கள்: எது தினமும், எது எப்போதாவது?

காலை உணவுக்குச் சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் செதில், உருண்டை வகைகள்) நல்லதா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கடை அலமாரியில் ஒரு டப்பாவில் 100 கிராமுக்கு 1 கிராம் சர்க்கரைதான் இருக்கும், பக்கத்து டப்பாவில் 35 கிராம் இருக்கும். இரண்டையும் சீரியல் என்றுதான் விற்கிறார்கள். எந்தச் சீரியல் என்று பார்த்தால்தான் பேச்சு உருப்படும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு எண்கள் போதும்: 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு. பிரிட்டனில் உணவுப் பொட்டலங்களுக்கு வைத்திருக்கும் வண்ணக் குறியீட்டின்படி, 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் பச்சை, 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நார்ச்சத்து 6 கிராமாவது இருந்தால்தான் ஐரோப்பாவில் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று எழுத அனுமதி. டப்பாவில் ‘ஒரு வேளைக்கு’ என்று போட்டிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 30 கிராம். கிண்ணத்தில் அதைக் கொட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். பசியோடு இருப்பவர் யாரும் அந்த அளவோடு நிறுத்துவதில்லை.

முதலில் கார்ன் ஃப்ளேக்ஸ். அமெரிக்காவின் பேட்டில் கிரீக்கில் ஒரு சிகிச்சை இல்லத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், நோயாளிகளுக்கான எளிய உணவாகத்தான் தானியச் செதில்களை நினைத்தார். அதில் சர்க்கரை சேர்க்க அவருக்கு இஷ்டமில்லை. தம்பி வில் கெல்லாக்குக்கோ வியாபாரம் முக்கியம். 1906-இல் அவர் தனியாக நிறுவனம் தொடங்கினார், சர்க்கரையும் செதில்களோடு சேர்ந்துகொண்டது. சாதாரண கார்ன் ஃப்ளேக்ஸில் இன்று சர்க்கரை 100 கிராமுக்கு ஏறக்குறைய 8 கிராம்தான். அது பெரிய குற்றம் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மக்காச்சோளத்தின் தவிடும் முளையும் போன பிறகு வேகவைத்து, தட்டி, வறுத்து எடுப்பதால் நார்ச்சத்து 3 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. மிஞ்சும் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 30 கிராமில் புரதம் 2 கிராம் அளவில்தான் தேறும், ஆனால் அதோடு ஊற்றும் 200 மில்லி பாலில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் உண்மையான சாப்பாடு பால்தான்.

குழந்தைகளுக்கென்றே கார்ட்டூன் படம் போட்டு வரும் சாக்லேட் உருண்டைகள், சர்க்கரை பூசிய செதில்கள் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 100 கிராமில் 20 முதல் 35 கிராம் வரை சர்க்கரை இருக்கும் சரக்கு இது. 35 கிராம் உள்ள ஒன்றில் 40 கிராம் போட்டால் 14 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்லும் ஒரு நாள் வரம்பே 19 கிராம்தான். பள்ளிக்குக் கிளம்புவதற்குள் முக்கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. சிலி நாடு 2016-இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால், சர்க்கரை அதிகமுள்ள டப்பாக்களில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை வந்தது, கார்ட்டூன் புலிகளும் முயல்களும் காணாமல் போயின. நல்ல காரியம்.

‘இரும்புச்சத்து சேர்த்திருக்கிறார்களே’ என்று கேட்கலாம். உண்மைதான். இரும்பும் பி வைட்டமின்களும் சேர்த்த சீரியல், சாப்பாட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் இறைச்சி சாப்பிடாத குடும்பங்களுக்கும் உதவும். சில சீரியல்களில் சேர்ப்பது இரும்புத் தூளே. நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் காந்தம் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் இதே சத்துகளைச் சாதாரண கார்ன் ஃப்ளேக்ஸிலும் சேர்க்கிறார்கள். அதற்காகச் சாக்லேட் உருண்டை வாங்கத் தேவையில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது கிரானோலா. பெயரைக் கேட்டாலே ஆரோக்கியம் என்று நினைத்துவிடுகிறோம். சுடாத தானியக் கலவையான முஸ்லிக்கும் இதற்கும் மூலப்பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஓட்ஸ், கொட்டைகள், உலர்பழம். கிரானோலாவில் எண்ணெயும் தேனும் அல்லது பாகும் சேர்த்துச் சுடுகிறார்கள். 100 கிராமுக்கு 450 கலோரி சாதாரணம். தேன்தானே என்று விடவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் குறைக்க வேண்டிய சர்க்கரைதான். முஸ்லியில் உலர்பழத்தால் சர்க்கரை எண் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழுக் கொட்டைகள் இருந்தால் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, பொடித்துக் கொடுங்கள். தவிட்டுச் செதில்களிலும் இப்படி ஒரு ஏமாற்று இருக்கிறது: நார்ச்சத்து 15 கிராம் இருக்கும், கூடவே சர்க்கரையும் அதே அளவுக்கு இருக்கும்.

சாதாரண ஓட்ஸில் 100 கிராமுக்குச் சர்க்கரை 1 கிராம், நார்ச்சத்து 10 கிராம், புரதம் 11 கிராமுக்கு மேல். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தினம் 3 கிராம் கிடைத்தால் கொலஸ்ட்ரால் குறையும். ஓட்ஸின் இந்த நார்ச்சத்து இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் போட 1997-இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆனால் 40 கிராம் ஓட்ஸில் அந்த 3 கிராமில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பொடியாக்கிய உடனடி வகையைவிடத் தடித்த செதில் வகை மெதுவாகச் செரிக்கும். சுவையூட்டிய சின்னப் பாக்கெட்டுகளைத் தொடாதீர்கள், அதில் சர்க்கரை திரும்ப வந்துவிடுகிறது.

அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டுக்கு என் தேர்வு முழுக்கோதுமை பிஸ்கட் வகை (டீயோடு சாப்பிடும் பிஸ்கட் அல்ல, கோதுமையை அழுத்திச் செய்யும் சீரியல்). யாரும் பெரிதாகப் பேசாத டப்பா அது. பாலில் போட்டால் ஊறிவிடும். சர்க்கரை சுமார் 4 கிராம், நார்ச்சத்து சுமார் 10 கிராம். ஓட்ஸுக்கு மிக அருகில் நிற்கிறது, சமைக்கும் வேலையும் இல்லை. ஆனால் கோதுமை ஒவ்வாத வீட்டுக்கு இது ஆகாது.

சாக்லேட் உருண்டைக்குப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று டப்பாவைப் பிடுங்கினால் காலையில் சண்டைதான் மிச்சம். முதல் வாரம் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு கோதுமை பிஸ்கட். அப்புறம் பாதிக்குப் பாதி. இனிப்பு கேட்டால் வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்கள்.