6,800 திர்ஹம் போச்சு! துபாய்ல வீடு தேடுற டீச்சருங்க இத படிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க

கை இன்னும் நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. முந்தாநேத்து வரைக்கும் அல் நஹ்தா ஏரியால ஏழாவது மாடில எனக்கு ஒரு ஸ்டூடியோ, அதாவது ஒத்த ரூம் ஃபிளாட், இருந்துச்சு. அப்படி ஒண்ணு எப்பவுமே இல்லன்னு நேத்துதான் தெரிஞ்சுது. 6,800 திர்ஹம். நம்மூர் காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல. என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில வரிசையா போடுறேன், மொதல்ல நடந்தத கொட்டிடறேன்.

ஏப்ரல்ல இங்க ஒரு இந்தியன் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சரா சேந்தேன். சம்பளம் 6,000, வருமான வரி கிடையாது. ஊர்ல உக்காந்து ரூபாயில பெருக்கிப் பாத்தப்ப ரெண்டு வருஷத்துல கடன் எல்லாம் அடஞ்சிரும்னு நெனச்சேன். இங்க பெரும்பாலும் வாடகைய மாசாமாசம் வாங்க மாட்டாங்கன்னு இன்டர்வியூல ஒருத்தரும் வாயத் தொறக்கல. வருஷ வாடகைய ரெண்டு செக்கோ நாலு செக்கோ பின்தேதி போட்டு மொத நாளே எழுதிக் குடுக்கணும். 45,000 ஸ்டூடியோன்னு வைங்க, நாலு செக்னா மொத செக்கே 11,250, டெபாசிட் 5% அது ஒரு 2,250, ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 2,250, தேவாங்கற கரண்ட்டு தண்ணி ஆபீஸ்ல டெபாசிட் 2,000, அப்புறம் எஜாரி, அதாவது வாடகை ஒப்பந்தத்த அரசாங்கத்துல பதியுற செலவு, ஆக சாவி கைக்கு வரதுக்குள்ள 18,000 கிட்ட போயிரும். என் மூணு மாச சம்பளம். அதுக்கப்புறமும் தேவா பில்லுலயே ஹவுசிங் ஃபீன்னு வருஷ வாடகைல 5% மாசாமாசம் பிரிச்சு வரும். சரி எப்படியோ பொரட்டிடலாம்னா புதுசா வந்தவனுக்கு செக்புக் எங்க இருக்கு?

அதான் கராமா ஏரியால பெட்ஸ்பேஸ்ல, பல பேர் தங்குற ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்துக் கெடந்தேன். ஜூன்ல முனிசிபாலிட்டி, ஃபிளாட்ட தடுத்துப் போட்ட பார்ட்டிஷன் ரூம் எல்லாம் எடுக்கச் சொல்லி செக்கிங் ஆரம்பிச்சதும் எங்க ரூம் எடுத்து நடத்துறவர் சீக்கிரம் வேற எடம் பாத்துக்கோங்க தம்பின்னுட்டார். செப்டம்பர்ல வீட்டுக்காரியும் பாப்பாவும் வர்றதா பிளான். ஃபேமிலி விசாவுக்கு சம்பளம் 4,000 இருந்தா போதும், ஆனா என் பேர்ல எஜாரி வேணும்.

இந்த நெலமைலதான் எல்லாரும் வீடு தேடுற ஒரு விளம்பர ஆப்ல இதப் பாத்தேன். 'வருஷம் 38,000, மாசா மாசம் கட்டலாம், செக் தேவையில்ல, எஜாரி உண்டு.' வில கம்மிங்கறதுக்காக நான் விழல. அந்த 'செக் தேவையில்ல'லதான் விழுந்தேன்.

போன் பண்ணா ஏஜென்ட் தமிழ்ல பேசுறான். டீச்சரா சார், எங்க அம்மாவும் டீச்சர்தான் சார், குடும்பம் வந்தா பேச்சுலர் ரூம்ல எப்படி சார்ங்கறான். சாயங்காலம் நேர்ல போனேன், அவன்தான் சாவி போட்டுத் தொறந்தான். கிச்சன் குழாயத் தொறந்துவிட்டு கைய வைங்க சார்னான். வச்சேன், ஜூலை வெயில்ல டாங்க் தண்ணி கொதிக்குது. 'ஹீட்டர் செலவு மிச்சம் சார்'னு சிரிச்சான், நானும் சேந்து சிரிச்சேன். திருட வந்தவன் எதுக்குங்க தண்ணி ஃபோர்ஸ் காட்டப் போறான்? அந்த எடத்துலயே மனசு முடிவு பண்ணிருச்சு.

அங்கயே 1,000 கைல குடுத்தேன். மறுநாள் 5,800 டிரான்ஸ்ஃபர். மொத மாச வாடகை, டெபாசிட், எஜாரி செலவு, கமிஷன் எல்லாம் சேத்து. இதுல கேவலம் என்னன்னா கமிஷன 1,900ல இருந்து 1,500க்கு நானே பேரம் பேசிக் கொறச்சேன். நானூறு மிச்சம்னு வீட்டுக்கு போன் பண்ணி பெருமை வேற.

நேத்து சனிக்கிழமை, ரெண்டு பெட்டி, ஒரு மின்விசிறியோட போய் பெல் அடிச்சா கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு அம்மா தொறக்குறாங்க. அவங்க மூணு நாளைக்கு புக் பண்ணி தங்கியிருக்காங்களாம். நாள் வாடகைக்கு விடுற ஃபிளாட் அது. அவன் ஒரு நாளைக்கு எடுத்து எனக்குக் காட்டியிருக்கான். கீழ வாட்ச்மேன் என் பெட்டியப் பாத்துட்டு, இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளுங்கறாரு. மொத ஆளுக்கே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்ல!

அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப்காரனுக்கு எழுதினா அஞ்சு நிமிஷத்துல 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்', அப்புறம் ஒரு டிக்கெட் நம்பர். மறுபடி எழுதினா நாங்க விளம்பரம் மட்டும்தான் போடுறோம், பணம் குடுத்தது உங்களுக்குள்ளன்னு பதில். மூணாவது தடவை எழுதறதுக்குள்ள அந்த விளம்பரத்தையே தூக்கிட்டானுங்க. பேங்க்ல அரை மணி நேரம் மியூசிக் கேக்க வச்சு, நீங்களே ஓடிபி போட்டு அனுப்புனதால திருப்ப முடியாது சார்னாங்க. ஃபிளாட்ட நாள் வாடகைக்கு விடுறவங்க, எங்க பேரும்தான கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட ஆறுதல் எதிர்பாக்குறாங்க. ஸ்கூல் எச்.ஆர் மேடம் மட்டும் ரெண்டே வரில முடிச்சாங்க: வெளில வீடு பாக்குறது உங்க பொறுப்பு, ஆஃபர் லெட்டர்லயே இருக்கு. இருக்குதான். போலீஸ்ல ஆன்லைன்ல புகார் பதிஞ்சிருக்கேன், பாக்கலாம்.

வரிசையா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப தெம்பு இல்ல. விளம்பரத்துல ஒரு க்யூஆர் இருக்கும், டிராக்கீசின்னு அரசாங்கம் விளம்பரத்துக்குக் குடுக்குற பர்மிட்டு, அத ஸ்கேன் பண்ணுங்க. நான் எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட்ட நேத்து ராத்திரிதான் ஸ்கேன் பண்ணேன், வேற ஏரியால டூ பெட்ரூம் காட்டுது, படுபாவி. ஏஜென்ட் கார்டு நம்பர துபாய் ரெஸ்ட்ங்கற அரசாங்க ஆப்ல போட்டுப் பாருங்க. பட்டா மாதிரி டைட்டில் டீட் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கிற ஓனர் பேருக்குத் தவிர வேற எவன் அக்கவுண்டுக்கும் வாடகை அனுப்பாதீங்க. கைல காசு குடுக்கவே குடுக்காதீங்க. இன்டர்வியூலயே வீட்டுக்கு அட்வான்ஸா எவ்ளோ தருவீங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க, நான் கூச்சப்பட்டேன்.

பெட்டி ரெண்டும் கூட வேல பாக்குற மேத்ஸ் அண்ணன் ரூம்ல கெடக்கு. 6,800. வீட்டுல இன்னும் சொல்லல, பாப்பா காலைல வீடியோ கால்ல புது வீட்ட காட்டுப்பான்னா, நெட் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன்.