போக்மாலோவில் நிற்கும் அலிஸே: கோவா கடற்படை விமான அருங்காட்சியகம்

கோவா போனால் கடற்கரை, தேவாலயம், கைநிறைய முந்திரிப்பருப்பு என்று திரும்பிவிடுகிற நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாபோலிம் விமான நிலையத்துப் பக்கமிருந்து போக்மாலோ கடற்கரைக்கு இறங்குகிற சாலையில், கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தை ஒட்டி ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறந்தது. கடற்படையில் பறந்து ஓய்வு பெற்ற விமானங்களைத் திறந்த வெளியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் இரண்டு மாடிக் கட்டடத்தில் உள்காட்சி. எங்களைக் கூட்டிப்போன சுற்றுலா ஏஜென்ட் இதற்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். "பழைய பிளேன்தானே சார், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்" என்றார். அன்றைக்கு அப்படியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வண்டியில் ஏறினோம். மனசு கேட்கவில்லை. மறுநாள் வாஸ்கோவிலிருந்து நாங்களே ஒரு ஆட்டோ பிடித்து வந்து நிதானமாகப் பார்த்தோம்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். நான் அரக்கோணத்துக்காரன். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜின் பாய்லர்களோடு மல்லுக்கட்டியவன். எங்கள் ஊரில் 1992-ல் ஐ.என்.எஸ். ராஜாளி வந்ததிலிருந்து கடற்படை விமானம் எங்களுக்குப் புதிதில்லை. டி.யூ.142 என்ற அந்த ராட்சச ரஷ்ய விமானம் தலைக்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். 2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதை ஓட்டியது கடற்படையின் 312-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு. அந்த ஸ்குவாட்ரன் 1976-ல் ஆரம்பித்தபோது வைத்திருந்தது சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற நாலு இன்ஜின் விமானம். அதற்கு முன்னால் ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது. பிறகு விமானப்படைக்குப் போய், கடைசியில் கடலைக் காவல் காக்கிற வேலைக்குக் கடற்படைக்கு வந்தது. அது இங்கே முற்றத்தில், மூன்று வால் துடுப்போடு நிற்கிறது. பழகிய வீட்டுப் பிள்ளையின் தாத்தாவை முதல்முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இன்னொரு சேதி. இந்த ஹன்சா தளம் முதலில் தொடங்கியது கோவாவில் இல்லை, நம்ம கோயம்புத்தூர் பக்கம் சூலூரில், 1961 செப்டம்பரில். கோவா விடுதலையான பிறகுதான் தாபோலிமுக்கு மாறியது. சீ ஹாக், அலிஸே விமானங்களில் பறந்த முதல் தலைமுறைப் பைலட்டுகள் கொங்கு நாட்டு வானத்தில் பழகியவர்கள்.

முற்றத்தில் கூட்டம் மொய்ப்பது சீ ஹேரியர் பக்கம்தான். நின்ற இடத்திலேயே இறங்கத் தெரிந்த விமானம், பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகுமா! 1983-ல் வந்து 2016 வரைக்கும் சேவையில் இருந்தது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் அங்கே ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை 1971-ல் பாகிஸ்தானோடு நடந்த போருக்குப் போன இரண்டு பேருக்குக் கொடுங்கள்: சீ ஹாக், அலிஸே.

சீ ஹாக் ஒற்றை ஆள் ஜெட். மூக்குக்குக் கீழே நான்கு 20 மி.மீ. பீரங்கித் துப்பாக்கி. இன்ஜின் புகை வெளியேறும் வழியை வாலில் தேடினேன், காணோம். ஒரே இன்ஜினின் புகையை இரண்டாகப் பிரித்து, இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் இருபுறமும் வெளியே விட்டிருக்கிறார்கள். அழகான வேலை. இறக்கை பாதியில் மடிகிற மூட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கப்பலுக்குள் இடம் பற்றாது என்பதால் மடித்து வைத்து, மேல்தளத்துக்கு ஏற்றிய பிறகு விரிப்பார்கள். பறக்கும்போது மொத்தப் பாரத்தையும் தாங்குகிற இறக்கையில் ஒரு கீல்! அதன் ஒவ்வொரு பின்னையும் ஒருவன் தினமும் கையால் தடவிப் பார்த்திருப்பான். வாலுக்கு அடியில் கொக்கி. இது பறந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தின் மொத்த நீளமே 213 மீட்டர். அதில் ஒரு பகுதியில் இறங்கி, குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றில் இந்தக் கொக்கி மாட்டினால்தான் விமானம் நிற்கும். மாட்டவில்லை என்றால் அப்படியே மேலே எழும்பி மறுபடி சுற்றி வரவேண்டும். 1961 மே 18 அன்று விக்ராந்தில் முதல் ஜெட்டை இப்படி இறக்கியவர் அப்போது லெஃப்டினன்டாக இருந்த தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதியானார்.

உள்கட்டடத்தில் விக்ராந்துக்குத் தனி இடம் இருக்கிறது. மாதிரிக் கப்பலையும் பழைய புகைப்படங்களையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அதன் பாய்லர் கதைதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 1970 ஜூனில் பம்பாயில் நிறுத்திச் சோதித்தபோது, பாய்லரில் தண்ணீர் நிற்கிற வாட்டர் டிரம்களில் விரிசல். வெல்டிங் வைத்து அடைக்கக்கூடிய கிராக் இல்லை. புது டிரம் இங்கே கிடைக்காது, இங்கிலாந்துக்கு ஆர்டர் போனது. அவை வந்து சேருவதற்குள் போர் வந்துவிடும் போலிருந்தது. அதனால் பழைய பாய்லரையே பற்றவைத்து, சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏற்றக்கூடாது என்று வரம்பு கட்டிச் சோதனை ஓட்டம் விட்டார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடவேண்டிய கப்பலுக்கு, வேக வரம்பு சுமார் 26.

பாய்லர் வேலை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். நாங்கள் பார்த்த டபிள்யூ.ஜி. ரக நீராவி ரயில் இன்ஜினில் அழுத்தம் 210 பவுண்டு. அதில் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு கோடு தெரிந்தாலே நெருப்பை இறக்கிவிடுவோம், மறுபேச்சு கிடையாது. இங்கே விரிசல் இருப்பது தெரிந்தே, கீழே பாய்லர் அறையில் ஆட்கள் நின்று நீராவி ஏற்றியிருக்கிறார்கள். மேல்தளத்தில் விமானத்தை உந்தி எறிகிற கேடபல்ட்டுக்கும் அதே பாய்லரின் நீராவிதான். கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் விமானத்துக்கு இறக்கையில் தூக்கல் கிடைக்கும். கப்பலுக்கு வேகம் குறைவு, வங்கக்கடலில் காற்றும் ஓய்ந்துவிட்டால் பைலட்டின் கதி என்ன? தளத்தின் விளிம்பு தாண்டியதும் கீழே தண்ணீர். தெரிந்துதான் ஏறி உட்கார்ந்தார்கள்.

1971 டிசம்பர் 4 காலை பதினொரு மணிவாக்கில் எட்டு சீ ஹாக்குகள் கிளம்பி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) இருந்த காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்று சாயங்காலமே சிட்டகாங். பிறகு குல்னா, மோங்லா துறைமுகம். 10-ஆம் தேதி வரை தொடர்ந்த தாக்குதல்களில் ஒரு சீ ஹாக்கைக்கூட இழக்கவில்லை. கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீ ஹாக் படையை நடத்திய லெஃப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. விக்ராந்த்காரர்களுக்கு வீர் சக்ரா மட்டும் பன்னிரண்டு.

சரி, அலிஸேவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பிரான்ஸில் செய்த விமானம். ஜெட் இல்லை, முன்னால் ஒரே ஒரு புரொபெல்லர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது அதன் வேலை. வயிற்றுக்குள் மடித்து வைத்த ரேடாரைக் கீழே இறக்கி, தாழப் பறந்து, மணிக்கணக்காகக் கடலைச் சலித்துக்கொண்டே போகவேண்டும். தண்ணீருக்கடியில் சத்தம் கேட்பதற்கு சோனோபாய் மிதவைகளைப் போடும். தண்ணீருக்குள் பாய்ந்து போய்த் தாக்குகிற டார்பிடோவோ ஆழ்கடல் குண்டோ சுமக்கும். சீ ஹாக்கில் பறப்பவனுக்குப் பத்திரிகையில் பெயர் வரும். இந்த வேலைக்குப் பொறுமை மட்டும்தான் வேண்டும், பார்க்கிறவனுக்கு இதில் ஒரு கவர்ச்சியும் இல்லை. நாங்கள் போன நேரம் இதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

என் மனைவி கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல எத்தனை பேரு போவாங்க?" என்று கேட்டாள். மூன்று பேர். முன்னால் பைலட், பக்கத்தில் ஒருவர், பின்னால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கருவிகளைப் பார்ப்பவர் ஒருவர். "பின்னாடி இருக்கறவருக்கு வெளிய என்ன நடக்குதுன்னு சரியா தெரியுமா?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிப் போய் மறுபுறம் நின்று, அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தேன்.

1971 டிசம்பர் 9 இரவு, அரபிக்கடலில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். மறுநாள் 10-ஆம் தேதி, மேற்குக் கடலில் பறந்த ஒரு அலிஸேவைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் என்ற போர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் போகக்கூடியது. அதன் முன்னால் புரொபெல்லர் விமானம் எங்கே ஓடி ஒளியும்? உள்ளே இருந்தவர்கள் லெஃப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெஃப்டினன்ட் எச்.எஸ். சிரோஹி, ஏர்க்ரூமேன் விஜயன். மூவரும் திரும்பவில்லை.

கிழக்கில் விக்ராந்த் ஜெயித்ததை நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். மேற்கில் போன இந்த மூன்று பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? அதிலும் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். அதிகாரி இல்லை. நீர்மூழ்கி வேட்டை விமானத்தில் கருவியோடு உட்காருகிற ஆள். இப்படிப்பட்டவர்களை யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. ஷெட்டில் காலம் பூராவும் கிரீஸ் கையோடு நின்றவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தப் பெயர்தான் நெஞ்சில் நிற்கிறது. பேரனைக் கூப்பிட்டு மூன்று பெயரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். "தாத்தா, அவங்க பாராசூட்ல குதிக்க முடியாதா?" என்று கேட்டான். தாழப் பறக்கும்போது அதற்கு நேரம் கிடைக்காது என்பதை விளக்கினேன். உள்காட்சியில் உயிர்காப்புச் சாதனங்களுக்கென்று ஒரு அறை இருக்கிறது. அங்கே போனதும் அவனே அடுத்தடுத்துக் கேள்வி கேட்டான். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த அறையைத் தவற விடாதீர்கள். நடுக்கடலில் விழுந்தவனுக்குக் கையில் என்ன மிஞ்சும் என்பது அங்கே பார்த்தால் புரிந்துவிடுகிறது.

மற்ற அறைகளில் குண்டுகள், டார்பிடோக்கள், சென்சார் கருவிகள், விராட் என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிய காட்சி. ஆயுதங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்ல தீனி. நான் வேகமாகக் கடந்துவிட்டேன். வெளியே ஒரு ஓரத்தில் நிற்கிற சீலேண்ட் என்ற சின்ன விமானத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரிலும் தரையிலும் இறங்கும். 1953-ல் கொச்சியில் நம் கடற்படைக்கு விமானப் பிரிவு தொடங்கியது இதை வைத்துத்தான்.

இந்த இடத்தின் அருமை இன்னொரு வகையிலும் உண்டு. விக்ராந்த் இப்போது இல்லை. 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாகச் சில காலம் நின்றது. 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் வி15 பைக்கின் பெட்ரோல் டேங்கில் சேர்ந்தது. எங்கள் தெருவில் ஒரு தம்பி அந்த வண்டி வைத்திருக்கிறான், டேங்கைத் தினமும் துடைப்பான். விராட்டும் குஜராத்தில் கப்பல் உடைக்கிற அலாங்கில் உடைபட்டுவிட்டது. 2022-ல் அதே பெயரில் புது விக்ராந்த் வந்ததில் எனக்கு நிறையச் சந்தோஷம். ஆனால் 1971-ல் போன தலைமுறை ஏறி உட்கார்ந்த விமான ரகங்களைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்க்க, நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் மனதாரக் கொடுக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கட்கிழமை விடுமுறை. திறந்ததும் காலையிலேயே போய்விடுங்கள். விமானங்கள் எல்லாம் வெயிலில் நிற்கின்றன, பத்தரை மணிக்கு மேல் தகரம் கொதிக்கும். தொப்பி, தண்ணீர் அவசியம். முற்றம் சமதளம் என்பதால் முட்டிவலிக்காரர்களும் நடக்கலாம், மாடிக்கு மட்டும் படி ஏறவேண்டும். இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜில் போகிறவர்கள் புக் செய்யும்போதே இதைப் பேசி எழுதி வாங்கிவிடுவது நல்லது. ரயிலில் வருகிறவர்கள் வாஸ்கோவில் இறங்கினால் ஆட்டோ தூரம்தான். பார்த்து முடித்ததும் போக்மாலோ கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விட்டுவிடலாம்.

எங்கள் ஊர் டி.யூ.142-ஐ உள்ளே ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விசாகப்பட்டினம் ஆர்.கே. பீச்சுக்குப் போங்கள். ஒன்றை அங்கே 2017 டிசம்பரிலிருந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.