விஎஃப்ஐஓ பேட்ச்: இன்ட்-எக்ஸா, எம்எஸ்ஐ-எக்ஸா?

பிசிஐ கார்டை அப்படியே கெஸ்ட்டிடம் (ஹோஸ்ட் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒப்படைக்கும் லினக்ஸின் விஎஃப்ஐஓ டிரைவருக்கு இன்டரப்ட் (கார்டு சிபியுவின் கவனத்தை அழைப்பது) பேட்ச் வந்தால், அது எந்தப் பாதையைத் தொடுகிறது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்: லைன் வழியே வரும் பழைய இன்ட்-எக்ஸா, நினைவக எழுத்தாக வரும் எம்எஸ்ஐ-எக்ஸா? புது வசதியை எம்எஸ்ஐ-எக்ஸில் மட்டும் கட்டச் சொல்வதே என் கட்சி. அதன் வேகமும் 2048 வெக்டர்களும் (தனித்தனி இன்டரப்டுகள்) தெரிந்த கதை. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது பராமரிப்புதான்.

எம்எஸ்ஐ-எக்ஸ் ஹேண்ட்லருக்கு (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஒரே வேலை: ஈவென்ட்எஃப்டிக்கு (கெஸ்ட் பக்கத்துக்குத் தகவல் சொல்லும் ஃபைல் டிஸ்கிரிப்டர்) சிக்னல் கொடுத்துவிட்டுத் திரும்புவது. கழற்றும் வரிசையை மட்டும் உற்றுப் பாருங்கள். முதலில் பைபாஸ் (இன்டரப்டை நேரே கெஸ்ட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு) பதிவை நீக்கவேண்டும், அடுத்து ஐஆர்க்யூவை (ஹேண்ட்லர் பதிவான இன்டரப்ட் எண்) விடுவிக்கவேண்டும், ஈவென்ட்எஃப்டியை விடுவது கடைசியில். வரிசை மாறினால் ஹேண்ட்லர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னலுக்கு பேக்போர்ட் (பழைய பதிப்புக்குக் கொண்டுபோவது) என்றால் இன்னொன்றும் உண்டு: அங்கே வெக்டரைக் கூட்ட எல்லாவற்றையும் கழற்றி மாட்டவேண்டும், அந்த இடைவெளியில் வரும் இன்டரப்ட் தொலையலாம்.

இன்ட்-எக்ஸ் லெவல் வகை: கார்டு அமைதியாகும்வரை லைன் ஏறியே இருக்கும். கார்டை அமைதிப்படுத்த ஹோஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால் ஹேண்ட்லர் கமாண்ட் ரெஜிஸ்டரின் 10-ஆம் பிட்டைப் போட்டு லைனை மாஸ்க் செய்துவிட்டுத்தான் (தற்காலிகமாக அடைத்துவிட்டுத்தான்) சிக்னல் அனுப்பும். கெஸ்ட் ஈஓஐ ('இன்டரப்டை முடித்தேன்' என்ற குறி) எழுதியதும் கேவிஎம் (கெஸ்ட்டை ஓட்டும் கெர்னல் பகுதி) கெஸ்ட் பக்கத்து லைனை இறக்கி, விஎஃப்ஐஓவுக்கு அதைச் சொல்லும் ரீசாம்பிள்எஃப்டியைத் தட்டும், பிறகு அன்மாஸ்க். அந்த நேரம் கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 3-ஆம் பிட் இன்னும் ஏறியிருந்தால், மாஸ்க்கை எடுக்காமல் சிக்னலை மறுபடி அனுப்பவேண்டும். இந்தக் கிளையை பேட்ச் விட்டுவிட்டால் லைன் மாஸ்க்கிலேயே நிற்கும், கெஸ்ட் டிரைவர் காத்துக்கொண்டே இருக்கும்.

இதே மாஸ்க்கை ஹேண்ட்லர், பயனர் ஐஆக்டல் (பயனர் நிரல் டிரைவருக்கு இடும் கட்டளை), கெஸ்ட் கார்டின் கான்ஃபிக் ரெஜிஸ்டரில் எழுதுவது என மூன்று பக்கமும் தொடுகின்றன. ஹேண்ட்லருக்கு ஸ்பின்லாக் (தூங்காமல் காத்திருக்கும் லாக்) வேண்டும், ஐஆக்டலுக்கு மியூடெக்ஸும் (தூங்கிக் காத்திருக்கும் லாக்) வேண்டும். 2024-இல் திருத்தங்கள் வரிசையாக வந்தது இந்த மூலைக்குத்தான்: வெளியிலிருந்து வரும் மாஸ்க் லாக் இல்லாமல் ஓடியது ஒன்று, வேறு கார்டுகளோடு பகிரமுடியாத லைன் பதிவானதுமே தானாக இயங்கத் தொடங்கியது இன்னொன்று.

பழைய கார்டுக்கும் எம்எஸ்ஐ தெரியாத கெஸ்ட்டுக்கும் இன்ட்-எக்ஸ் வேண்டும், அதை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தொட்ட பேட்சை, லைனைப் பகிரும் வழி, பகிராத வழி என இரண்டிலும் சோதித்தே ஆகவேண்டும். கெஸ்ட்டை எம்எஸ்ஐயை அணைக்கும் 'பிசிஐ=நோஎம்எஸ்ஐ' கொடுத்து பூட் செய்யுங்கள். பிறகு ஹோஸ்ட் மாட்யூலை 'நோஇன்ட்எக்ஸ்மாஸ்க்=1' போட்டு ஏற்றினால் பகிரமுடியாத பாதை ஓடும். ஹோஸ்ட்டில் இன்டரப்ட் எண்ணிக்கை 1-லேயே நின்றால் அன்மாஸ்க்கைத் தேடுங்கள். 'நோபடி கேர்ட்' என்று டிமெசேஜில் (கெர்னல் பதிவு) வந்தால், 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காமல் கெர்னல் லைனையே மூடிவிட்டது. ஹேண்ட்லரின் ரிட்டர்ன் மதிப்பைப் பாருங்கள். இது எக்ஸ்86 ஹோஸ்ட்டை வைத்துச் சொன்னது, ஆர்ம் சிபியுக்களில் எம்எஸ்ஐயைக் கையாளும் ஐடிஎஸ்ஸுக்கு அப்படியே பொருத்தவேண்டாம்.