மும்பை தூண்டில் படகு வாடகை: படகு சரி, தூண்டில் சுமார்

மாட்டுங்கா, தாராவிப் பக்கம் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஞாயிறன்று எடுக்கத் தோதான படகு. ஓட்டுநருக்குப் பாறையும் நீரோட்டமும் அத்துப்படி.

தேதியை மட்டும் படகுக்காரர்களிடம் விடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல்நீரின் ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் சேறு கலங்கினால் மீன் கண்ணுக்குப் பொய்யிரை தெரியாது. ஊருக்கு ஆகாத அட்டமி, நவமியில் ஏற்ற இறக்கம் குறைவு, அதுதான் தூண்டிலுக்கு உகந்தது. மழைக்காலமான ஜூன், ஜூலையை மறந்துவிடுங்கள்.

அவர்கள் தரும் ராடில் (தூண்டில் கழியில்) நரம்பு பழசு, முடிச்சிலேயே அறுகிறது. சொந்தமாக 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் நுனியில் முள்ளுக்கு முன்னே கட்ட 40 பவுண்டு லீடர் (தடித்த நரம்பு) ஒரு மீட்டர் கொண்டுபோங்கள். கொடுவா மீனின் செவுள் மூடி கத்தி மாதிரி. லீடர் இல்லாவிட்டால் போச்சு. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடிமானத்தை) நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள்.

மாலையில் பாறைக்கரையில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே ஈயக்குண்டு இடுக்கில் மாட்டும். குண்டை மட்டும் 10 பவுண்டு நரம்பில் கட்டுங்கள். அது அறுந்தாலும் முள்ளும் மீனும் மிஞ்சும். பாசியில் ரப்பர் செருப்பு வழுக்கும். ஏற்றம் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும்.

ஐஸ் பெட்டி ரொம்பச் சின்னது. லைஃப் ஜாக்கெட்டை ஏறுமுன் தலைக்கு ஒன்றாக எண்ணிப் பார்க்கவும்.