எஸ்டிஐ, பாலிமார்ஃபிக், டெலிகேட்டட் டைப்: எதை எதோடு சேர்ப்பது?

ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸில் மீடியா என்று ஒரு கிளாஸ், அதன் கீழே போட்டோ, வீடியோ. எல்லாம் ஒரே டேபிளில், அதாவது எஸ்டிஐ (சிங்கிள் டேபிள் இன்ஹெரிட்டன்ஸ்). கமென்ட் டேபிளில் பாலிமார்ஃபிக் உறவு: எந்த வகைப் பதிவோடும் சேரலாம், வகையின் பெயர் ஒரு டைப் ஃபீல்டில், ஐடி இன்னொன்றில். ஒரு போட்டோவுக்குக் கமென்ட் போட்டுவிட்டு டேபிளைத் திறந்தால் டைப் ஃபீல்டில் 'போட்டோ' இருக்காது, 'மீடியா' என்றுதான் இருக்கும். முதல் தடவை இது தெரியாமல், 'போட்டோ' என்று நானே எழுதிய வேர் (WHERE) கண்டிஷனுக்கு ஏன் ஒரு ரோ கூட வரவில்லை என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். பக் இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்: எந்த டேபிளில் தேடுவது என்று தெரிந்தால் போதும், போட்டோவா வீடியோவா என்பதை மீடியா டேபிளின் சொந்த டைப் ஃபீல்டு சொல்லிவிடும். இதை மாற்றி 'போட்டோ' என்றே சேமிக்க வைக்கலாம்தான், ஆனால் அப்புறம் மீடியாவோடு கமென்ட்டை ஜாயின் செய்தால் அது 'மீடியா' என்று தேடி வெறுங்கையோடு திரும்பும்.

பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலில் கதை தலைகீழ். அங்கே எஸ்டிஐ கட்டமைப்பிலேயே கிடையாது. நாமாக இன்ஹெரிட் செய்தால் குழந்தை கிளாஸின் பெயரே சேமிக்கப்படும், அதே ரோவை மீடியாவாக எடுத்தால் கமென்ட்கள் காணாமல் போகும். மார்ஃப் பெயரை, அதாவது டைப் ஃபீல்டில் போகும் பெயரை, அப்பா கிளாஸிலேயே நிலையாக வைத்துவிடுங்கள்.

எப்படிப் போனாலும் பாலிமார்ஃபிக்கில் ஃபாரின் கீ (சுட்டும் ரோ இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்று டேட்டாபேஸே காக்கும் இணைப்பு) போட முடியாது. அதனால் மீடியா ரோவை நேரடி எஸ்க்யூஎல்லில் அழித்தால் கமென்ட்கள் அநாதையாக நிற்கும்.

ரெயில்ஸ் 6.1இல் வந்த டெலிகேட்டட் டைப்பில் பொதுவான ஃபீல்டுகள் ஒரு டேபிளில், மற்றவை போட்டோவுக்கும் வீடியோவுக்கும் தனித்தனி டேபிளில். கமென்ட் பொது டேபிளோடு சேர்வதால் அதற்கு ஃபாரின் கீ கிடைக்கும். பதிலுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு ரோ, பட்டியல் காட்டும்போது ப்ரீலோட் (தேவையானதை முன்கூட்டியே மொத்தமாக எடுப்பது) மறந்தால் என் பிளஸ் ஒன், அதாவது ஒவ்வொரு ரோவுக்கும் தனியாக ஒரு குவெரி. பாதி ஃபீல்டுகள் காலியாகவே (NULL) கிடக்கும் எஸ்டிஐ டேபிளை விட இது எனக்குப் பிடிக்கும்.

கமென்ட் டேபிளில் போட்டோ ஐடி, வீடியோ ஐடி என்று தனி ஃபீல்டுகள் வைத்து, ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்று செக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுவதும் உண்டு. இரண்டு மூன்று வகை வரை சரி.

ஆனால் கமென்ட் வாங்குவது மீடியா குடும்பம் மட்டும்தான் என்றால் பாலிமார்ஃபிக் எதற்கு? எஸ்டிஐயில் எல்லாரும் ஒரே டேபிளில்தானே இருக்கிறார்கள், சாதாரண மீடியா ஐடி ஒன்று போதும், ஃபாரின் கீயும் போடலாம். குடும்பத்துக்கு வெளியே, யூசர் புரொஃபைல் மாதிரி ஏதாவது ஒன்றுக்கும் கமென்ட் வேண்டும் என்கிறபோதுதான் மேலே சொன்ன தலைவலியெல்லாம்.