வேவ்மேக்கர்: 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

வேவ்மேக்கர் என்பது தொட்டித் தண்ணீருக்குள் இருந்து நீரோட்டம் உண்டாக்கும் பம்ப். பவளத் தொட்டிக்கு அதை வாங்கப் போனால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகும் ஏசி பம்ப். இன்னொன்று, அடாப்டரும் கன்ட்ரோலரும் சேர்ந்து வரும் 24 வோல்ட் டிசி பம்ப். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) இருக்கும் நாலடித் தொட்டியில் முதலில் ஏசிதான் ஓடியது, இப்போது டிசி ஓடுகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

நீரோட்ட அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி சுமார் 250 லிட்டர். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தப் பக்கமே போகவில்லை, என்னிடம் இருப்பவை மென்பவளங்கள். மணிக்கு 5,000 லிட்டர் ஓடினால் அவற்றுக்குத் தாராளம். இரண்டு வகையுமே அதைத் தரும். ஏசி ஒரே வேகத்தில் ஒரே பக்கம் அடிக்கும். டிசியில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இரை போடும்போது பத்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம். விலையில் ஏசி மிக மலிவு. இதற்காக மட்டும் என்றால் நான் மாற்றியிருக்க மாட்டேன்.

மாற்ற வைத்தது கரண்ட். அது இருக்கும்போது வரும் ஆபத்து ஒன்று, போகும்போது வரும் ஆபத்து இன்னொன்று.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஏசி பம்பின் ஒயரில் சின்ன வெடிப்பு விட்டாலும் 230 வோல்ட் தண்ணீரில் நிற்கும். அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்து, கசிவு இருந்தால் சட்டென்று துண்டித்துவிடும். இது இல்லாமல் எந்த வகைப் பம்பும் வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் ஒயரிங்கில் பல இடங்களில் இரண்டு கம்பிதான் இருக்கும். மூன்று ஓட்டை சாக்கெட் மாட்டியிருப்பார்கள், மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எங்கள் ஒயர்மேன் சொன்னதுதான் சரி: "எர்த் இல்லாம ஆர்சிசிபி போட்டா, நீங்க கையை வச்சப்புறம்தாண்ணே அதுக்கே தெரியும்." தண்ணீருக்கு எர்த் இணைப்பு இருந்தால் கசிவு தொடங்கியதுமே அது விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் தண்ணீருக்குள் எர்த் கம்பி மட்டும் விடுவது அதைவிட மோசம். கை வைத்தவர் உடல் வழியாகக் கரண்ட் போக நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

சரி, ஆர்சிசிபி விழுகிறது. ஆள் பிழைத்தார். ஆனால் அது தானாகத் திரும்ப ஏறாது. வீட்டில் எல்லோரும் தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் விழுந்தால், திரும்பி வரும்வரை தொட்டியில் அசைவே இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை கரண்ட் வராத நாளும் அப்படித்தான். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) உப்புநீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 6.2தான். மே மாதத்தில் இருப்பே குறைவு. மேல்பரப்பு அசையாவிட்டால் அதுவும் வேகமாகத் தீரும், கூடவே கார்பன் டை ஆக்சைடு தேங்கி பிஹெச் இறங்கும். மூழ்கி ஓடும் ஏசி மோட்டார் இழுக்கும் வாட் முழுக்கக் கடைசியில் தண்ணீரில் சூடாக இறங்குகிறது என்பதும் கோடையில் கணக்கில் வரும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமும், சூடேறும். அதைவிட, ஆர்சிசிபி மெயின் பக்கம் மட்டும் இருந்தால் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் அதன் காவல் கிடையாது. தண்ணீரில் 230 வோல்ட் மட்டும் அப்படியே இருக்கும்.

டிசி இங்கேதான் ஜெயிக்கிறது. 12 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்கினால், கரண்ட் போனதும் 12 வோல்ட் பேட்டரியில் வேகம் குறைந்து ஓடும். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். பாதியை மட்டும் எடுத்தாலும், 5 வாட் இழுக்கும் பம்ப் எட்டு மணி நேரம் தாங்கும். ஆர்சிசிபி விழுந்தாலும் இது ஓடும், தண்ணீரில் அப்போது இருப்பது வெறும் 12 வோல்ட். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம். மூடிய அலமாரிக்குள் வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

அடாப்டர் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். உள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் 24 வோல்ட் பக்கத்தையும் சரியாகப் பிரிக்காத மட்டமான அடாப்டர் என்றால் டிசி வாங்கியதற்கே அர்த்தமில்லை.

டிசியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஒயர் தண்ணீருக்குள் வெடித்தால் ஷாக் அடிக்காது, ஆர்சிசிபிக்கும் தெரியாது. ஆனால் மின்பகுப்பு நடந்து செம்பு கரையும். மீன் தாங்கும் அளவு செம்பைப் பவளமும் இறாலும் தாங்காது. காரணம் புரியாமல் பவளம் சுருங்கினால், கேஹெச் (காரத்தன்மை), கால்சியம் பார்ப்பதோடு ஒரு செம்பு டெஸ்ட்டும் செய்து, ஒயரைக் கையால் தடவிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. பிஹெச் பேனாவும் உதவும். தொட்டிக்குள் ஒரு எண்ணும், அதே தண்ணீரை டம்ளரில் மொண்டு பார்த்தால் வேறு எண்ணும் வந்தால் மின்கசிவைச் சந்தேகிக்கலாம். மல்ட்டிமீட்டர் மட்டும் பயமுறுத்தும். நல்ல ஏசி பம்ப் பக்கத்தில் இருந்தாலே தூண்டலால் சில பத்து வோல்ட் காட்டும், அதெல்லாம் கசிவு ஆகாது.

பழுது என்று வந்தால் ஏசி எளிது. காந்தமும் விசிறியும்தான், வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். டிசியில் கன்ட்ரோலர்தான் நோஞ்சான், உப்புக்காற்று அதை அரிக்கும். (அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது, என் கன்ட்ரோலருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.) தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கச் சுவரில், ஒயரைக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு மாட்டியிருக்கிறேன். எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு என்னுடையது இன்னும் பழையதாகவில்லை. ஏசி பத்து வருடம் ஓடியதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதை நம்புகிறேன்.

வீட்டில் கரண்ட் அதிகம் போகாது, எர்த்தும் ஆர்சிசிபியும் சரியாக இருக்கிறது, பட்ஜெட் இறுக்கம் என்றால் ஏசி வாங்குவதில் தப்பில்லை. மிச்சப் பணத்தில் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். எர்த் இல்லாத வீடு என்றால் முதல் செலவு ஒயர்மேனுக்கு, பம்ப் அப்புறம். என் பழைய ஏசி பம்ப் இப்போது உப்பு கலக்கும் டிரம்மில் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்காமல் அதற்குள் யாரும் கை விடுவதில்லை.